ஐயாவும் அம்மாவும் பேசிக்கொண்ட செவ்வாய்க்கிழமை

செவிலிமேடு,
வியாழக்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய மாமா சத்யராஜ் அவர்களுக்கு மைத்துனன் ஜோசுவா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் நலம், என் இடுப்பு மட்டும் நலமில்லை. தாமலில் நீங்களும் அக்காவும் திரிஷா பாப்பாவும் நலந்தானே. இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். ஐயாவைக் குளிப்பாட்டும்போது என் போனும் சேர்ந்து குளித்துவிட்டது. மூன்று நாளாய் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது.

நீங்கள் பார்த்துக்கொடுத்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சபாபதி ஐயாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் ஓய்ந்துவிட்டது, தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டினால் போதும் என்று சொன்னீர்கள். எழுபத்தெட்டு கிலோ என்று சொல்லவில்லை, போகட்டும். அவரும் அவர் சம்சாரம் கிருஷ்ணம்மாள் அம்மாவும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாம். ஒரே அறையில் நான்கடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவர்கிட்ட சொல்லுப்பா, காபி ஆறுது" என்பார் அம்மா. "ஆறட்டும்னு அவங்ககிட்ட சொல்லுப்பா" என்பார் ஐயா. ஐயாவைத் தூக்குவதைவிட இவர்கள் பேச்சைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில்தான் எனக்கு மூச்சு வாங்கியது. காரணம் ஒரு புடவை. அம்மா ஆசையாகக் கேட்டாரென்று மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் வைத்து கை நன்றாயிருந்த காலத்தில் ஐயாவே தறியில் உட்கார்ந்து நெய்திருக்கிறார். நெய்து முடித்த மறுநாள் அதைக் கொண்டுபோய்க் காமாட்சி அம்மனுக்குச் சாத்தக் கொடுத்துவிட்டார். அம்மன்மேல் கோபப்பட முடியாது, அதனால் அம்மா ஐயாவின் மேல் கோபப்பட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சை அடைத்து, கொஞ்ச நேரம் வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டர் அனுப்பிவைத்தார். அதோடு வந்து ஐயாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றினேன். வலியில் பிரேக்கைப் போட மறந்துவிட்டேன், அது என் தப்புதான். நாற்காலி நழுவிப் பின்னால் ஓடிவிட்டது. ஐயா பாதி கட்டிலிலும் பாதி என் கையிலும் தொங்குகிறார், நான் "ம்ம், ம்ம்" என்கிறேன். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, "என்னா ஆச்சின்னு அவர்கிட்ட கேளுப்பா" என்றார். "ம்ம்" என்றேன். "நான் விழுந்துக்கினு இருக்கறேன்னு அவங்ககிட்ட சொல்லுப்பா" என்றார் ஐயா. அதற்கும் "ம்ம்" என்றேன். இரண்டு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள், ஐயா விரல் விரலாக நழுவிக்கொண்டிருக்கிறார். கடைசியில் அவர் அம்மா பக்கம் திரும்பி, "கிருஷ்ணா, நாற்காலியப் புடி" என்றார்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலியைக் காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்தார். உட்காரவைத்துவிட்டோம். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "பேரு ஞாபகம் இருக்குதா?" என்றார். பிறகு மூன்று வருடத்துப் பேச்சையும் நின்ற இடத்திலேயே பேசி முடித்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஐயா மெதுவாகச் சொன்னார்: "உன்ன ஆபரேசனுக்கு உள்ள இட்டுக்கினு போனாங்களே, அன்னிக்கு வேண்டிக்கினேன். நீ பொழச்சி வந்தா அந்தப் புடவை அம்மனுக்குன்னு."

"அத ஏன் சொல்லல?"

"நீ எங்க பேசவிட்ட."

கோணலாக இருந்த ஐயாவின் சட்டைக் காலரை அம்மா எடுத்துச் சரிசெய்தார். நான் பஞ்சு மாற்றும் சாக்கில் வெளியே வந்துவிட்டேன். எனக்கும் கண்ணில் தண்ணீர், பல்வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தோஷம்தான் மாமா, ஆனால் இப்போது என் பிழைப்புக்கு ஆபத்து வந்துவிட்டது. அன்றிலிருந்து இருவரும் ஓயாமல் பேசுகிறார்கள். சோறு ஊட்டப் போனால், "நீ போய் உக்காருப்பா, நான் பாத்துக்கறேன்" என்கிறார் அம்மா. பிரேக் போடக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார். நேற்று வந்த மகன் கதிர்வேல், "இனிமே அம்மாவே போதும் போல இருக்குதே" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகவே திருப்புட்குழிப் பக்கம் யாருக்காவது ஆள் வேண்டுமா என்று பாருங்கள். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிறார்களா என்பதை மட்டும் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

அக்காவின் முழங்காலுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். பாப்பாவுக்கு என் முத்தங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டில் சமாதானத்தை அளவாகத் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்
ஜோசுவா

பின்குறிப்பு: வேலை எதுவும் பார்க்க வேண்டாம். தபால்தலை வாங்கப் போன நேரத்தில் அம்மா இந்தக் கடிதத்தைக் கரண்ட் பில் என்று நினைத்துப் பிரித்து, ஐயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டார். நான் திரும்பி வந்தபோது ஐயா சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தார். "வேற வேல தேடறியா நீ? இவர நாலு எடம் இட்டுக்கினு போய்க் காட்டணும்னு இருக்கறேன், என்னால தூக்க முடியுமாப்பா?" என்று கேட்டார் அம்மா. முதல் இடம் தாமல் ஏரியாம், மதியச் சாப்பாடு அக்கா கையால் உங்கள் வீட்டிலாம். இருவரும் கலந்து பேசி முடிவு செய்துவிட்டார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறோம். உங்கள் வாசலில் மூன்று படி இருக்கிறது, ஒரு பலகை போட்டுவையுங்கள். கெட்டியான பலகையாக இருக்கட்டும்.