பில்டருக்குப் பொருத்தம் பார்த்த அண்ணாச்சி

பத்திரிகையில் எழுத உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் டாக்ஸி வாடகை ரசீதுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே வார்த்தை திக்கும். ஆனாலும் பொருத்தம் அண்ணாச்சியைப் பற்றி வேறு யாரும் எழுதக் காணோம். தப்பு இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஓடிய எந்தக் காரும் அண்ணாச்சியின் சம்மதம் இல்லாமல் ஆயில் பில்டர் மாட்டிக்கொண்டது கிடையாது. துறைமுகத்துப் பெரிய அதிகாரியின் காராக இருந்தாலும் சரி, கருவாடு ஏற்றுகிற வேனாக இருந்தாலும் சரி, எல்லாம் அவர் முன்னால் கைகட்டி நின்றவைதான். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருந்த ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அவர் விற்பனை ஆள். முதலாளி வேறு ஒருவர். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் முதலாளியைத்தான் யாரோ வாடிக்கையாளர் என்று நினைப்பார்கள்.

மற்ற கடைகளில் பில்டர் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அண்ணாச்சியிடம் அது நடக்காது. எஞ்சினுக்குள் ஓடுகிற ஆயிலை வடிகட்டித் தருகிற அந்தச் சின்ன உருளையை அவர் பில்டர் என்றே சொல்ல மாட்டார். அவருக்கு அது பொண்ணு. கார் என்றால் பையன். லாரியாக இருந்தால் பெரியவர். பில்டர் வாங்க வருவது என்பது சம்பந்தம் பேச வருவது. அதனால்தான் ஊருக்குள் அவருக்குப் பொருத்தம் அண்ணாச்சி என்று பெயர்.

"பையனுக்கு என்ன வயசு?" என்று ஆரம்பிப்பார். அடுத்தது, என்ன குடிக்கான், கெட்டி ஆயிலா, மெல்லிசா? எங்கன நிக்கான், நிழல்லயா, உப்பளத்துலயா? ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுதான்? இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் வந்தால்தான் எழுந்திருப்பார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார் முதல் கேள்விக்கே, "பதினெட்டு முடிஞ்சிருச்சு, பி.யு.சி. படிக்கான்" என்று பதில் சொல்லிவிட்டார். அண்ணாச்சி சளைக்கவில்லை. பதினெட்டு வயசு வண்டிக்குப் பொண்ணு தேடுவதைவிட எஞ்சினை இறக்கிப் பார்ப்பது நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழைய பில்டரைக் கொண்டுவராமல் புதுசு கிடைக்காது. கொண்டுவந்த பழசை வாசல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். உள்ளே இருக்கிற தாள் மடிப்புக்குள் விரலை விட்டு, விரலில் ஒட்டியதைக் கட்டைவிரலால் தேய்ப்பார். மினுங்கினால், "உள்ள பேரிங் கரையுது, மெக்கானிக்கைப் பாருங்க" என்பார். அப்புறம் உயரம் பார்ப்பார், நடு ஓட்டை பார்ப்பார். உயரத்தில் ஒரு நூல் குறைந்தால்கூட ஆயில் வடிகட்டாமல் பக்கவாட்டில் போய்விடும் என்பது அவர் கட்சி. ரப்பர் வளையம் இல்லாத பில்டரை, தாலி இல்லாத கல்யாணம் என்று ஒதுக்கிவிடுவார்.

அட்டைப்பெட்டி அழகைப் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு டாக்டர் பளபளவென்று சிவப்புப் பெட்டியில் இருந்ததுதான் வேண்டும் என்று நின்றார். அண்ணாச்சி பெட்டியை மட்டும் டாக்டரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டார். பெட்டியை மேசையில் வைத்துக்கொள்ளும்படியும், காருக்கு வேறு தருவதாகவும் சொன்னார். டாக்டர் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

தருவைகுளத்திலிருந்து ஒரு போட்டுக்காரர் வருவார். விசைப்படகு எஞ்சினுக்குத்தான் வாங்குவார். ஒரு தடவை அண்ணாச்சியின் கேள்விகள் நீண்டுகொண்டே போக, அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்க ஆளுவ ஜாதகமெல்லாம் பாக்க மாட்டோம் அண்ணாச்சி. மாதா கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிப்பாவ. யாரும் ஆட்சேபணை சொல்லலைன்னா கெட்டி வச்சிருவோம். நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருந்தா, அங்கன வலை காயுது."

அண்ணாச்சி யோசித்தார். ஒரு பில்டரை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, இன்னாருடைய படகுக்கு இன்ன நம்பர் பில்டரைக் கொடுக்கப்போவதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடலாம் என்றும் கடை முழுவதும் கேட்கும்படி மூன்று தடவை அறிவித்தார். மூன்றாவது தடவை, போல்ட் வாங்க வந்து மூலையில் நின்ற மெக்கானிக் சேசையா கையைத் தூக்கினார்.

"ஆட்சேபணை உண்டும். அதுல ரப்பர் வளையம் இல்ல."

போட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வேறு பெட்டி பிரித்து, மறுபடியும் மூன்று தடவை ஓலை வாசித்து, அப்புறம்தான் அன்றைக்குப் படகுக்குப் பில்டர் கிடைத்தது.

இப்படி ஊருக்கே சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவர், என் சம்பந்தத்தில் கைவைத்த கதைக்கு வருகிறேன்.

அப்போது நான் முதலாளி ஒருவரின் பச்சை நிற அம்பாசிடரை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் டிரைவர்களுக்குப் பெயர் கிடையாது. வண்டிதான் பெயர். நீல வண்டி ஓட்டுகிறவர் நீலம். கறுப்பு ஓட்டுகிறவர் கறுப்பு. நான் பச்சை. "ஏலே பச்சை, திருச்செந்தூர் சவாரி நிக்கி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

டிரைவருக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வராத காலம் அது. இரண்டு மூன்று இடம் பேசிப் பேசி நின்றுபோனது. கடைசியில் ஏரலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து, வயல் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம் சரி என்றது. பெண் பார்க்கப் போனபோது வெட்கத்தில் நான் தலையே தூக்கவில்லை. காப்பி டம்ளரைப் பிடித்திருந்த விரல்களை மட்டும்தான் பார்த்தேன். குனிந்தபடியே வாங்கியதில் டம்ளர் சாய்ந்து, காப்பி கொஞ்சம் சிந்தியது. அந்த விரல்கள் சட்டென்று டம்ளரை மறுபடியும் பிடித்துக்கொண்டன. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. அந்த இடம் தவறிப்போனால் வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பெண்ணின் தகப்பனார் கவனமான மனிதர். முடிவு சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத் தனியாகத் தூத்துக்குடி வந்தார். நான் சவாரி போயிருந்தேன். ஸ்டாண்டில் விசாரித்தபோது, "பச்சையா? ஸ்பேர் கடை அண்ணாச்சியைக் கேளுங்க, அவருதான் அக்குவேறு ஆணிவேறாச் சொல்லுவாரு" என்று கைகாட்டி விட்டிருக்கிறார்கள்.

அங்கே நடந்ததை, அப்போது கடையில் நின்ற சேசையா அண்ணன் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

"ஸ்டாண்டுல நிக்கிற பச்சையைப் பத்தி ஒரு விவரம் கேக்கணும்" என்றாராம் தகப்பனார்.

"கேளுங்க. அவன் குடல் வரைக்கும் எனக்குத் தெரியும்."

"ஆள் எப்படி?"

"பாக்க நல்லாத்தான் இருப்பான். அதெல்லாம் மேல்பூச்சு. உள்ள தேஞ்சு போனான்."

"பழக்கவழக்கம்?"

"குடிப்பான். முன்னால அளவாத்தான் குடிச்சான், இப்பம் கூடிப்போச்சு. குடிச்சுட்டுப் பொகையா விடுதான். மழைக்காலத்துல காலையில அவனை எழுப்ப ரெண்டு பேர் பின்னால நின்னு தள்ளணும்."

தகப்பனாருக்கு வியர்த்துவிட்டது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அவனுக்கு ஒரு பொண்ணு குடுக்கலாம்னு பேச்சு..." என்று இழுத்தார்.

"தாராளமாக் குடுங்க. ஏற்கெனவே நாலு குடுத்தாச்சு. ஒண்ணும் ஆறு மாசம் தாங்கல, கருகிப்போய் வெளிய வந்துட்டு. நாலையும் நான்தான் பின்னால கம்பியில கோத்துத் தொங்க விட்டிருக்கேன். பாக்கீயளா?"

தகப்பனார் பார்க்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். விலை கேட்காமல் போகிறாரே என்று அண்ணாச்சி வருத்தப்பட்டாராம்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் ஸ்டாண்டுக்கு வந்தார். எல்லா டிரைவர்களும் இருக்கும்போது, ஏற்கெனவே நாலு கல்யாணம் செய்தவன் என்று ஏன் தன்னிடம் மறைத்தேன் என்று என்னைக் கேட்டார். நீலம் டீயைத் துப்பிவிட்டான். கறுப்பு மட்டும் மரியாதையாக எழுந்து நின்று, எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டான். விசாரித்த இடம் எது என்று தரகர் சொன்னதும் விஷயம் புரிந்துவிட்டது. நேரே கடைக்குப் போனேன். சேசையாவும் அங்கேதான் இருந்தார். நான் திக்கித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. தான் சொன்னதை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு உண்டுமாலே?"

"இல்ல அண்ணாச்சி. ஆனா எனக்கு அந்தப் பொண்ணு..."

அண்ணாச்சி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழைய பில்டரைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு பின்கட்டுக்குப் போய்க் கம்பியிலிருந்து நாலு பில்டரையும் உருவி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முதலாளியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். "வண்டிய எடு" என்றார்.

முன் சீட்டில் ஏறி, இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். முத்தையாபுரம் உப்பளம் தாண்டும்போதே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பனங்காட்டுப் பக்கம் ஒரு தடவை நிறுத்தச் சொன்னார். வாய்க்கால் பாலத்தில் இன்னொரு தடவை. வாந்தி எடுத்து முகம் கழுவி வந்து உட்கார்ந்தவரிடம், திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டேன். "ஓட்டு" என்று மட்டும் சொன்னார். ஊர் எல்லைக்கு வந்ததும் அவரால் முடியவில்லை. இறங்கி வயலோரத்து ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் முதல் கியரில் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

பெண் வீட்டில் தகப்பனார் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. அண்ணாச்சி பேச்சுக் கொடுக்காமல் பையைத் திறந்து, நாலு கறுப்புப் பில்டரையும் தரையில் வரிசையாக நிறுத்தினார்.

"இந்தா இருக்காவ நாலு பேரும். நல்லாப் பாத்துக்கிடுங்க."

தகப்பனார் குனிந்து பார்த்தார். ஒன்றைத் தொட்டார். விரலில் கறுப்பு ஒட்டியது. அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடுக்களைக்குள் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அப்பம் குடிக்கான்னு சொன்னது?"

"வண்டி. ஆயிலைக் குடிக்கான்."

"சரி, டிரைவர் எப்படி? அதைச் சொல்லுங்க."

அண்ணாச்சி திகைத்துவிட்டார். மனிதர்களைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தார். தரையில் இருந்த பில்டர்களைப் பார்த்தார்.

"மத்தவனெல்லாம் பழசை அப்படியே தூக்கிட்டு வந்து மேசையில வைப்பான். ஆயில் வழிஞ்சு ஓடும், நான்தான் துடைக்கணும்" என்றார் மெதுவாக. "இவன் வடிய வச்சு, துணியில சுத்தி, அடியில ஒரு தாள் விரிச்சுத்தான் வைப்பான். வந்த நாள்லேருந்து என் மேசையில ஒரு சொட்டு சிந்துனது இல்ல. வேற எனக்குத் தெரியாது."

தகப்பனார் என்னைக் கீழிருந்து மேல்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, காப்பி போடு" என்றார். காப்பி வந்தது. அந்தத் தடவை நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

திரும்பும்போது அண்ணாச்சி காரில் ஏற மறுத்து, ஏரலில் பஸ் பிடிப்பதாகச் சொன்னார்.

மறுநாள் அவர் கடைக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். தலை சுற்றுகிறது என்று பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் மனைவி கதவருகில் வந்து, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். "இவியளுக்குக் காரு, பஸ்ஸு எதுவும் ஆகாதே தம்பி. என் தங்கச்சி கல்யாணத்துக்கே திருநெல்வேலிக்கு வரமாட்டேன்னுட்டாவ. நேத்து யாருக்காகப் போனாவ?"