மாவுக்கட்டில் ஒரு மெட்ரோ ஸ்டேஷன்

"பாவா, எறங்கிட்டோம். இப்போ எந்தப் பக்கம் போறது?"

போனில் இந்தக் கேள்வி வந்ததும் நாகராஜனுக்குக் கால்வலி பறந்தே போய்விட்டது. பத்து நாளாக மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறார். பார்க்க வந்தவர்களெல்லாம் ஆர்லிக்ஸ் பாட்டிலை நீட்டினார்களே தவிர, ஒருத்தராவது அவரிடம் யோசனை கேட்டார்களா?

கேட்டவன் மச்சான் குமரவேல், மனைவி தேவகியின் தம்பி; அக்காள் புருஷன் அவனுக்குப் பாவா. நாகராஜனின் மகள் சுசித்ராவுக்குச் சென்னையில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் முதல் பேச்சு பேசிவிட்டு வருவதற்காகக் குமரவேலும் அவன் மனைவி அனுசுயாவும் காலையில் திருத்தணியில் ரயிலேறப் போயிருந்தார்கள். இன்றைக்குப் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் வந்துவிடும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு வரன்கள் கைநழுவிப் போயாயிற்று. இந்தப் பையனைச் சுசித்ராவுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அவன் போட்டோவை அப்பா பார்க்காதபோது நாலு தரம் எடுத்துப் பார்த்ததை அப்பா பார்த்திருந்தார்.

"மெட்ரோ போய் முடியற கடைசி ஸ்டேஷன்தானே? பூமிக்கு அடியில இருக்குதே?"

"ஆங், அதேதான் பாவா."

நாகராஜன் தலையணையைச் சுவரோடு சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மணி பத்தேகால்.

அந்த ஸ்டேஷனைத் தோண்டியபோது காண்டிராக்டரிடம் நாலு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். இப்போது திருத்தணி ரயிலடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆதார் அட்டையை நகலெடுக்க வருகிறவர்கள் ஸ்டேஷனின் சரித்திரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் போக முடியும். மலைப்படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டதில், கடைக்கும் பூட்டு, சரித்திரத்துக்கும் பூட்டு.

ஆனால் கைக்கு யார் பூட்டுப் போடுவது? மாவுக்கட்டு காய்ந்த மறுநாளே மார்க்கர் பேனாவை எடுத்து, அதன்மேல் ஸ்டேஷனை வரைந்துவிட்டார். முட்டிப் பக்கம் தெரு. கெண்டைக்கால் டிக்கெட் தளம். கணுக்காலில் ரயில் வந்து நிற்கும். வெளியே போகும் வாசல்களை வரைய இடம் போதவில்லை. அதனால் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களையே வாசல்களாக வைத்துக்கொண்டார். கட்டைவிரல் ஒன்றாம் வாசல். சுண்டுவிரல் வண்டி நிறுத்துமிடம்.

போன இரண்டு வரன்களும் ஏன் தவறின என்பது அவருக்கு இன்றுவரை புரியாத புதிர். பெண் பார்க்க வந்தவர்களை அவர் எவ்வளவு மரியாதையாக நடத்தினார்! ஸ்டேஷனின் பக்கச் சுவரை முதலில் பூமிக்குள் இறக்கி, கூரையைப் போட்டு மூடி, அதற்கப்புறம் உள்ளே இருந்த மண்ணை வாரிய அதிசயத்தை முதல் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் விளக்கினார். மனிதர் கேசரியைக்கூடத் தொடாமல் கேட்டார். இரண்டாவது மாப்பிள்ளையின் தாய்மாமன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கச்சேரி கேட்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஜாதகத்தில்தான் ஏதோ கோளாறு என்று நாகராஜன் முடிவு கட்டிவிட்டார்.

இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது என்று தேவகியும் சுசித்ராவும் மலைக்கு அர்ச்சனை செய்யப் போயிருந்தார்கள். தேவகி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சுசித்ராவின் தலையில் நாலு முழம் மல்லிகை. முருகனைப் பார்க்கப் போனாலும் நம் வீட்டுப் பெண்கள் லட்சணமாகப் போவார்கள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

"எதிர்ல இன்னா தெரியுது, சொல்லு."

"தூண் பாவா."

"இடது பக்கம்?"

"அங்கயும் தூண்தான்."

"அதெல்லாம் நம்ம தூணுங்க! ஒவ்வொரு தூணுக்கும் எத்தினி டன் கம்பி போச்சுன்னு தெரியுமா உனுக்கு?"

"தெரியாது பாவா. சொல்லுங்க."

நாகராஜனுக்குக் காது குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் 'சொல்லுங்க' என்று ஒருத்தரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னார். கம்பி வந்த லாரி, லாரி நுழைய முடியாத சந்து, சந்தில் டீக்கடை வைத்திருந்தவன் வரைக்கும் சொன்னார். மச்சான் என்றால் இவனல்லவோ மச்சான் என்று மனசு நிறைந்து கடிகாரத்தைப் பார்த்தபோது மணி பத்தே முக்கால்.

"அடடே, நேரமாச்சு! ரெண்டாவது படிக்கட்டுல ஏறு. நேரா வெளிய உட்டுரும்."

ஐந்து நிமிஷம் கழித்துக் குமரவேல் மூச்சு வாங்கினான். "ஏறிட்டோம் பாவா. இன்னும் மேல மேல படியாவே போவுது. அனுசுயா முடியலன்னு உக்காந்துட்டா."

"அவ்ளோ படி கெடையாதேடா!"

நாகராஜன் குனிந்து காலைப் பார்த்தார். பார்த்ததும் சுருக்கென்றது. படத்தைக் கட்டிலில் சாய்ந்தபடி வரைந்திருந்தார். ரயிலிலிருந்து இறங்கி எதிரே வருகிறவனுக்கு எல்லாமே தலைகீழ்.

"தப்பு என்னிதுதான். எனுக்கு இடது, உனுக்கு வலது. எறங்கி வலது பக்கம் போ. லிஃப்ட் இருக்கும், அதுல ஏறு."

லிஃப்டில் ஏறியவர்கள் வேறொரு மேடையில் இறங்கினார்கள். அங்கே ஒரு ரயில் காலியாக நிற்கிறது என்றான் குமரவேல்.

"ஏறிடாத! அது திரும்பிப் போற வண்டி. கடைசி ஸ்டேஷன்ல வண்டி எப்டித் திரும்புதுன்னு தெரியுமா உனுக்கு?"

"அதான் பாவா ரொம்ப நாளா எனுக்கும் சந்தேகம். சொல்லுங்க."

வண்டி திரும்புவதில்லை, ஓட்டுநர்தான் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போகிறார், மேடைக்கு முன்னால் தண்டவாளம் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும், அதில்தான் வண்டி பாதை மாறும். இத்தனையையும் விரலை விரல்மேல் போட்டுக் காட்டி விளக்கினார். போனில் விரல் தெரியாது என்பது பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகே நினைவுக்கு வந்தது. அப்போது போனுக்குள் டாண் டாண் என்று மணி அடித்தது. "அரோகரா!" என்று யாரோ கத்தினார்கள்.

"இன்னாடா சத்தம்?"

குமரவேல் ஒரு நொடி தடுமாறினான். "காவடிக்காரங்க பாவா. திருத்தணிக்கு வர்றவங்க. அவுங்களும் வழி தெரியாம நின்னுகினு இருக்காங்க."

"எத்தினி பேரு?"

"ஒரு முப்பது பேரு இருப்பாங்க."

"அப்போ அவுங்களயும் உன்கூடவே கூட்டிகினு வா! நம்ம ஊருக்கு வர்றவங்கள அம்போன்னு உடலாமா?"

இரண்டு பேரை வெளியே கொண்டுவர முடியாதவர், இப்போது முப்பத்திரண்டு பேருக்கு வழிகாட்டி ஆனார். முப்பத்திரண்டு பேரும் அவர் கெண்டைக்காலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். டிக்கெட் கதவு காவடிக்கு வழிவிடவில்லை. மூன்றாம் வாசல் என்று நம்பி அனுப்பியது மறுபடியும் பழைய தூண்களிடமே கொண்டுபோய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாகராஜனும், நான் வேலையை விட்ட பிறகு ஸ்டேஷனை மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று காண்டிராக்டரைத் திட்டினார்.

நடுவே அனுசுயா அலறினாள். "ஐயோ, என் வாழப்பழம்!"

"அங்க இன்னாடா ஆச்சு?"

"ஒருத்தன் பழத்தப் புடுங்கிகினு தூண் மேல ஏறிட்டான் பாவா."

"ஏறிட்டானா? செக்யூரிட்டி இன்னா பண்றான்?"

"அவுரு குச்சிய எடுக்கப் போயிருக்காரு."

மணி பதினொன்றரை. இனி விளையாட்டுக்கு நேரமில்லை என்று நாகராஜன் உறுதியாகச் சொன்னார். "நீ அங்கயே நில்லு. நான் மாப்ள அப்பாவுக்கே நேரா போன் போட்டு, ஆள் அனுப்பச் சொல்றேன்."

"வேணாம் பாவா!" குமரவேலின் குரல் கிறீச்சிட்டது. "அது மட்டும் வேணாம்! நீங்க அவுர்கிட்ட மட்டும் பேசிடாதீங்க!"

"ஏண்டா?"

யாரோ யாரிடமோ குசுகுசுத்தார்கள். லைன் துண்டித்துக்கொண்டது. திரும்பத் திரும்ப அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

நாகராஜன் போனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்நேரம் மாப்பிள்ளை வீட்டில் வாசலைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு அக்கறையில்லை போலும் என்று எழுந்து உள்ளே போயிருப்பார்கள். சுசித்ரா அழமாட்டாள். 'பரவால்ல நைனா' என்று சிரிப்பாள். அதுதான் அவருக்குத் தாங்காது. கம்பியும் லாரியும் டீக்கடையும் இல்லாமல், 'கட்டைவிரல் பக்கம் போ' என்று மட்டும் சொல்லியிருந்தால் குமரவேல் எப்போதோ வெளியே வந்திருப்பானே? கொஞ்சம் சுருக்கமாகப் பேசியிருக்கலாமோ என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

தானே போய் மீட்பதைத் தவிர வேறு வழியில்லை. மலையடிவாரத்தில் ஆட்டோ ஓட்டும் ஹேமநாதனுக்குப் போன் போட்டார்.

"மலைமேலருந்து எறங்கறேண்ணா. உங்க வீட்டுக்குத்தான் வந்துகினு இருக்கேன்," என்றான் அவன்.

கேட்காமலே வருகிறானே, முருகன் செயல் என்று கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாகராஜன் சட்டையை மாட்டினார். பரணிலிருந்து அந்தக் காலத்து மஞ்சள் ஹெல்மெட்டைக் குடைக்கம்பால் தட்டி இறக்கித் தலையில் வைத்தார். ஊன்றுகோலோடு நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தபோது ஆட்டோ வந்து நின்றது. ஹேமநாதன் நெற்றி நிறைய சந்தனமும் கையில் ஒரு ஸ்வீட் டப்பாவுமாக இறங்கினான்.

"வண்டியத் திருப்புடா! சென்னை ரயிலப் புடிக்கணும்!"

"சென்னைல இன்னாண்ணா?"

"குமரவேலு முப்பது காவடிக்காரங்களோட பூமிக்கு அடியில மாட்டிகினு இருக்கான்! ராகுகாலம் பொறக்கப் போவுது! அந்த ஸ்டேஷன் எப்படின்னா, மொதல்ல சுவரு, அப்புறம் கூரை…"

ஹேமநாதன் சட்டென்று டப்பாவைத் திறந்து, ஒரு முழு லட்டை அவர் வாயில் வைத்து அடைத்தான்.

"பன்னண்டுக்கு முன்னாடியே மலைமேல மாப்ள வீட்டுக்காரங்க, குமரவேலண்ணனையும் பக்கத்துல வெச்சிகினு, பொண்ணுக்குப் பூ வெச்சிட்டாங்கண்ணா, இனிமே நீங்க எவ்ளோ வேணும்னாலும் பேசலாம்னு தேவகியக்கா சொல்லச் சொன்னாங்க."