நஞ்சப்பன் குளம் வட்டத்தின் ஏகமனதான தீர்மானம்

"போன கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னு கொஞ்சம் படிங்ணா. தெரிஞ்சுக்கிட்டா மேக்கொண்டு பேசலாமுங்க."

சாந்தாமணி இப்படிக் கேட்டபோது கட்சியின் வட்டச் செயலாளர் ராமுலுவின் வாயிலிருந்த வடை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஆள் வந்ததில்லை. நஞ்சப்பன் குளம் வட்டத்தின் மாதக் கூட்டம் என்றால் ராமுலு, அவருடைய இரண்டு கூட்டாளிகள், ஒரு மின்விசிறி. அதில் மின்விசிறி மட்டும்தான் கடைசிவரை இருக்கும். இன்றைக்கோ நாற்பத்து மூன்று பேர். இரண்டு பவானி ஜமக்காளமும் நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, மிச்சப் பேர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தீர்மானப் புத்தகம் ஊட்ல இருக்குதுங்க அம்மணி."

"இல்லீங்ணா, உங்க முழங்கைக்கு அடியில இருக்குது."

முழங்கை துரோகம் செய்துவிட்டது. சாந்தாமணி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். தையல் வகுப்பு நடத்துகிறவள். ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண்.

"ஏனுங்ணா, எல்லாப் பக்கத்துலயும் ஒரே தீர்மானமா இருக்குதுங்களே. 'தலைமையின் அறிவிப்புகளை இக்கூட்டம் ஏகமனதாக வரவேற்கிறது.'"

"வரவேற்கத்தானுங்க வேணும்."

"அது செரிங்க." இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள். "வர்ற மாசக் கூட்டமும் நடந்து, நன்றி சொல்லி முடிஞ்சு போயிருக்குதுங்களே?"

ராமுலு ஆறு மாதக் கூட்டங்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி வைத்துவிடுகிற ஆள். அன்று முதன்முறையாக அதற்காக வருத்தப்பட்டார்.

இந்த வம்பை அவரேதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கட்சியில் பழையவர், புதியவர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் உறுப்பினர் படிவத்தைப் புதிதாக நிரப்பித் தர வேண்டும். வட்டத்துக்கு நூறு படிவம், பத்து நாள் கெடு. முன்பெல்லாம் ராமுலு வாக்காளர் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவார். காலமானவர்கள்கூட அவர் பேனாவில் எழுந்து வந்து கட்சியில் சேர்ந்திருக்கிறார்கள். இந்த முறை போட்டோ வேண்டும், செல்போனுக்கு வரும் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று மாவட்டத்தில் சொல்லிவிட்டார்கள். காலமானவர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டேனென்கிறார்கள்.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, குளம் காப்புக் குழு என்ற பதாகையோடு சாந்தாமணியின் கூட்டம் கட்சி அலுவலக வாசலில் வந்து நின்றது. புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சாக்கடை குளத்தில் விழுகிறதாம்.

ராமுலுவின் மூளையில் பல்பு எரிந்தது. "வெளிய நின்னு சத்தம் போடறதவிட உள்ள வந்து சொன்னா வேலை ஆகுமுங்க அம்மணி," என்று தேனாகப் பேசி, படிவப் புத்தகத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தார். இரண்டே நாளில் தொண்ணூற்றொன்பது படிவம் நிறைந்து வந்தது.

எதிரே இட்லிக்கடை போட்டிருக்கும் சின்னாத்தாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "எனக்கொண்ணு இல்லீங்களா கண்ணு? கடைசித் தாளாட்ட இருக்குது, வேற யாருக்காச்சும் வேணுமோ என்னமோ."

அவள் கடையின் நாலு இட்லி வயிற்றில் குளிர்ந்துகொண்டிருந்த நேரம். "இந்த வட்டத்துல இனி யாரக்கா பாக்கி? எடுத்துக்கங்க," என்று தாராளமாகக் கொடுத்தார் ராமுலு. நூற்றுக்கு நூறு. மாவட்டச் செயலாளரே போன் செய்து பாராட்டினார்.

சேர்ந்தவர்கள் வழக்கம்போலக் காகிதத்திலேயே இருந்துவிடுவார்கள் என்றுதான் அவர் நினைத்தார். அவர்களோ கூட்டத்துக்கு வந்தார்கள். கேள்வி கேட்டார்கள். 'அடுத்த கூட்டம் எப்பங்க?' என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவருக்கு அந்தப் பதவியைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. மோட்டார் பம்பு உதிரி பாகக் கடையை மகன் யஷ்வந்த் எடுத்துக்கொண்டான். அங்கே போனால், "அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கஸ்டமர் வர்றாங்க," என்கிறான். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே 'வட்டச் செயலாளர்' என்று போடுகிறார்களே, அது ஒன்றுதான் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தது. அதுவும் போய்விட்டால் அவர் வெறும் யஷ்வந்தின் அப்பா.

ஆகவே கூட்ட நேரத்தை மாற்றினார். பங்குனி மாதத்து மத்தியானம் இரண்டு மணி. காக்காய்கூடத் தாரில் கால் வைக்க யோசிக்கிற வெயில்.

அறுபத்தெட்டுப் பேர் வந்தார்கள். சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் பெண்களுக்கு ஓய்வு கிடைக்கிற ஒரே நேரம் அதுதான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து இடத்தை மாற்றினார். "ஆபீசுல இடம் பத்தலீங்க, என்ற ஊட்லயே வெச்சுக்கலாம்." அடுத்தவர் வீட்டுக்குள் வரக் கூச்சப்படுவார்கள் என்பது கணக்கு. கூச்சமா? வரும்போதே ஆளுக்கொரு தம்ளர் கொண்டு வந்தார்கள். அவர் மனைவி வெங்கடலட்சுமி அண்டாவில் உப்புமா கிண்டினாள். சாந்தாமணியும் நாலு பேரும் வெங்காயம் நறுக்கினார்கள். நறுக்கி முடிப்பதற்குள் சாக்கடையின் முழு வரலாறும் வெங்கடலட்சுமிக்குப் பாடமாகிவிட்டது.

அன்று மாலை அவள் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏனுங்க, இருவத்திரெண்டு வருசமா செயலாளரா இருக்கறீங்க. அந்தக் கொளத்துக்கு என்னதானுங்க பண்ணுனீங்க?"

"வரவேற்றிருக்கறோம்."

"எதைய?"

ராமுலு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இனிப் பதவி கொடுத்து வாயை அடைப்பதுதான் வழி என்று முடிவு செய்தார். 'நீர்நிலைப் பாதுகாப்புப் பிரிவு அமைப்பாளர்' என்று சாந்தாமணிக்கு ஒரு பொறுப்பை அறிவித்தார். கட்சியில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. வெற்றுப் பட்டத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வீட்டில் இருப்பாள் என்று பார்த்தார். மறுநாளே அவள் பட்டத்தைத் தாளின் தலைப்பில் அச்சடித்து, அந்தத் தாளில் மனு எழுத ஆரம்பித்தாள். கட்சியின் பெயர் போட்ட தாள் என்றதும் மனுவுக்குக் கால் முளைத்தது. ஒரு மாதத்தில் பதினொரு மனு. பன்னிரண்டாவது மனுவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். அடுக்குமாடிக்காரர்கள் குழாயைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த வட்டத்துக்காரர்கள் அவளிடம் யோசனை கேட்க வந்தார்கள். மாவட்டச் செயலாளரே அவளுடைய நம்பரைக் கேட்டு வாங்கினார், அதுவும் ராமுலுவிடமே.

ஒரு நாள் மாலை அவர் தனியாகக் குளக்கரைக்குப் போனார். நாற்றம் போயிருந்தது. பாறையில் இரண்டு நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "நல்ல காரியம் செஞ்சீங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ராமுலுவும் கும்பிட்டார். கையை இறக்கிய பிறகுதான் தான் எதுவும் செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வந்தவர்களைத் துரத்த அவர் பட்ட பாட்டில் கால்வாசியைக் குளத்துக்குப் பட்டிருந்தால் இந்தக் கும்பிடு அவருடையதாகவே இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அந்தப் பறவைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சாந்தாமணியிடம் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அடுத்த நிமிடமே பயம் வந்து அதை விழுங்கிவிட்டது. ஒரு சாக்கடையையே திருப்பியவளுக்கு ஒரு நாற்காலியைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த வாரமே உட்கட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது. கூடவே நூறு புதிய உறுப்பினர் அட்டைகள் சணல் கட்டிய கட்டாக வந்தன. ராமுலு முடிச்சைக்கூட அவிழ்க்காமல் அதைக் கொண்டுபோய் பீரோவில் மனைவியின் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தார். பிறகு மாவட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 'புதிய அட்டை இல்லாத எவரையும் தேர்தல் அறைக்குள் அனுமதிக்கக் கூடாது. பட்டியலில் இல்லாத பெயரை முன்மொழியவும் கூடாது. விதி கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும்.'

தேர்தலன்று காலையில் தன் அட்டையை மட்டும் உருவிக்கொண்டு போனால் போதும். ஒரே ஆள், ஒரே வேட்பாளர், ஏகமனது.

காலையில் பீரோவைத் திறந்தார். பட்டுச் சேலை இல்லை. கட்டு இல்லை. மனைவியும் இல்லை.

அலுவலகத்துக்கு ஓடினார். நூறு பேரும் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பட்டுச் சேலையில் வெங்கடலட்சுமி வாசலில் நின்றாள். "ஊர்ச்சனத்து அட்டைய எதுக்குங்க என்ற சேலைக்கு அடியில வெச்சீங்க? நல்லவேளை, இன்னைக்கு உடுத்தலாமுன்னு நேத்தே எடுத்தேன். ஊடு ஊடாப் போயி குடுத்துப்போட்டேன்."

அவர் உள்ளே நுழைந்தார். செயலாளரை யார் தடுப்பார்கள்? கதவில் அவருடைய விதியையே நோட்டீசாக ஒட்டியிருந்தார்கள்.

தாராபுரத்திலிருந்து பார்வையாளராக வந்திருந்த திருமூர்த்தி கண்ணாடியை மாட்டினார். "வட்டச் செயலாளர் பொறுப்புக்குப் பேரு சொல்றவங்க சொல்லலாமுங்க."

சாந்தாமணி எழுந்தாள். ராமுலு கண்ணை மூடிக்கொண்டார்.

"ராமுலு அண்ணனத்தானுங்க சொல்றோம்."

கண்ணைத் திறந்தார்.

"வெளிய நின்னு கத்திக்கிட்டிருந்த எங்கள உள்ள கூப்பிட்டவரு அவருதானுங்க. எங்க சௌகரியம் பாத்துக் கூட்டத்த ரெண்டு மணிக்கு மாத்துனாரு. இடம் பத்தலைன்னதும் சொந்த ஊட்டத் தொறந்து உட்டு உப்புமாவும் போட்டாரு. கட்சியில இல்லாத பிரிவையே எங்களுக்குன்னு உண்டாக்கிக் குடுத்தாரு. இத்தன செஞ்ச மனுசன் ஒரு வார்த்த பெருமையடிச்சதில்லீங்க."

நூறு கைகள் மேலே போயின. இருநூற்று அறுபத்து நான்கு தடவை அவர் எழுதிய 'ஏகமனதாக' என்ற சொல்லை அன்றுதான் கண்ணால் பார்த்தார். இனி இந்தக் குளத்தை விட்டு நகர்வதில்லை, மனுக்கட்டைத் தானே சுமந்துகொண்டு இவர்களுக்குப் பின்னால் நடப்பது என்று மனதுக்குள் சத்தியம் செய்தார். அது உண்மையான சத்தியம்தான்.

திருமூர்த்தியின் விரல் பட்டியலில் மேலிருந்து கீழே வந்தது. மறுபடி மேலே போய், இன்னும் மெதுவாகக் கீழே வந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"அட்டையக் கொஞ்சம் காட்டறீங்களா?"

ராமுலு சட்டைப் பையிலிருந்து ஐந்து வருடப் பழைய அட்டையை எடுத்து நீட்டினார். திருமூர்த்தி அதை வாங்காமல் தலையை மட்டும் ஆட்டினார். ராமுலு மனைவியைப் பார்த்தார். அவள் வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

பின்வரிசையிலிருந்து சின்னாத்தாள் முழங்காலில் கையூன்றி எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"அவரு பேரு எப்படிங்க இருக்கும், அந்தக் கடைசிப் படிவத்தத்தான் எனக்குக் குடுத்துப்போட்டாரே; வாங்க கண்ணு, அட்டை இல்லாதவங்க உள்ள இருக்கப்படாதுன்னு கதவுல எழுதியிருக்குது, கடையில வந்து ரெண்டு இட்லி சாப்புட்டுட்டு உக்காந்திருங்க."