குப்பைப் பெட்டியில் கிடக்கும் என் பதில்

மதிப்புக்குரிய மைத்துனருக்கு,

வணக்கம். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்தீர்களே, அதற்கே முதல் நன்றி. முட்டிவலி தேவலையா? இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

"தனியாக இருக்க முடியவில்லை, உங்கள் வீட்டு மாடி அறைக்கே வந்துவிடட்டுமா?" என்று மெயிலில் கேட்டிருந்தீர்கள். அன்றைக்கே என் ஃபோனிலிருந்து பதில் போட்டேன். அது வந்து சேரவில்லை என்று நீங்கள் முறுக்கிக்கொண்டீர்கள். உங்கள் தங்கை ஃபோன் செய்தால், "நான் கேட்டதே தப்பும்மா, விட்டுடு" என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தாலும் எடுப்பதில்லை. இங்கே அவள் என்னோடு பேச வேண்டியதை எல்லாம் சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். "ஊர்ல எல்லாரும் ஏதோ ஒரு கம்பெனி மெயிலை வச்சுக்கிட்டு ஒழுங்கா இருக்காங்க. நீங்க மட்டும் வீட்டுக்குள்ளயே தபாலாபீஸ் நடத்துறீங்க!" மாடி அறையில் இரைந்துகொண்டே நம் வீட்டு மெயில்களை அனுப்பி வாங்கும் கம்ப்யூட்டரை, என் மெயில் சர்வரைத்தான் சொல்கிறாள். ஓய்வு பெற்ற எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உத்தியோகம் அது.

பதில் எங்கே போயிற்று? உங்கள் மெயில் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டதாக என் சர்வர் சத்தியம் செய்கிறது. வாங்கி எங்கே வைத்தார்கள்? உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வருத்தம் ஒருபுறம் இருக்க, இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். என் சர்வர் ஒவ்வொரு மெயிலோடும் ஒரு டிஜிட்டல் கையெழுத்தைச் சேர்த்து அனுப்பும். 'இது இந்த வீட்டிலிருந்துதான் கிளம்பியது, வழியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை' என்று அதற்குப் பொருள். வாங்குகிறவர்கள் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் 'ஸ்பாம்' என்கிற குப்பைப் பெட்டியில் தள்ளிவிடுவார்கள். போன மாதம்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தேன். அதனால் முதலில் கையெழுத்துக்கான சாவியைப் பார்த்தேன், சரி. சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தேன், அதுவும் சரி. சர்வரில் உட்கார்ந்தே என்னுடைய இன்னொரு முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினேன், கையெழுத்து செல்லும் என்று வந்தது. உங்கள் தங்கையின் ஃபோனிலிருந்து அனுப்பினால் செல்லாது! "நீ தொட்டா மட்டும் கெட்டுப்போகுதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் காப்பி வரவில்லை. என் ஃபோனிலிருந்தும் அதே கதி என்று தெரிந்த பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

கடைசியில் நல்ல மெயிலையும் கெட்ட மெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபோனில் போனதன் அடியில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: 'இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரும் நலமா?'

விழுந்து விழுந்து சிரித்தேன், மைத்துனரே. அது உங்கள் தங்கையின் உபயம். "நீங்க எழுதுற மெயில் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு. ஒரு நலம் விசாரிப்பு கிடையாதா?" என்று எப்போதோ கேட்டாள். ஃபோனிலிருந்து கிளம்பும் எல்லா மெயிலுக்கும் அந்த வரியை ஒட்டச் சொல்லி சர்வருக்கு உத்தரவு போட்டுவிட்டு நான் மறந்தே போனேன். தெருக்குழாய் உடைந்ததைப் பற்றி முன்பு நகராட்சிக்கு அனுப்பிய புகாரிலும் அது போயிருக்கிறது. அங்கிருந்து ஒருவர் 'நலமே' என்று பதில் போட்டார், குழாயைப் பார்க்கத்தான் ஆள் வரவில்லை. இப்போது என்ன நடக்கிறதென்றால், சர்வர் முதலில் கையெழுத்துப் போடுகிறது, பிறகு நலம் விசாரிக்கிறது. உறையை ஒட்டி முத்திரை வைத்துவிட்டு, மறுபடி பிரித்து ஒரு துண்டுச்சீட்டைச் செருகினால், வாங்குகிறவன் சந்தேகப்படத்தானே செய்வான்? வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் நலம், பிறகு கையெழுத்து. எல்லாம் செல்கிறது.

உங்கள் குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பரிசு விழுந்ததாகச் சொல்கிறவர்களுக்கு நடுவே என் பதில் கிடக்கும்: 'இதைக் கேட்கவும் வேண்டுமா? உடனே கிளம்பி வாருங்கள்.' நீங்கள் வராதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க இந்த வீட்டில் எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உங்கள் கோபத்துக்கும் என் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: அண்ணா, நான்தான். அவர் ஸ்டாம்ப் வாங்கக் கடைக்குப் போயிருக்கார். ஒட்டி வச்ச உறையைப் பிரிச்சு எழுதறேன். மேல இருக்கிறதெல்லாம் நீ படிக்க வேண்டாம். மாடி ரூம்ல உனக்குக் கட்டில் போட்டாச்சு. அங்க இரைஞ்சுக்கிட்டிருந்த பெட்டியோட ஒயரைப் பிடுங்கி, பரண்மேல ஏத்திட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது. இனிமே மெயில் கியில் போடாதே, வராது. நீ வா. இங்கு அனைவரும் நலம்.