ரெண்டு சுவிட்ச் குறைச்சல்

“பத்துன்னா பத்தாதுய்யா. எட்டுக்குக் கொண்டு வா,” என்றார் மேனேஜர்.

“சார், இப்ப பதினாலு சுவிட்ச் இருக்கு. நான் இன்னும் பத்துக்கே வரலை,” என்றார் இன்ஜினியர்.

“வரலைன்னா வா. எதிர்க் கம்பெனிக்காரன் பத்துல முடிச்சிட்டானாம். மத்தியானம் பணம் போடற பெரியவர் வர்றாரு. அவர் முன்னாடி பதினாலை வெச்சுக்கிட்டு நான் என்ன கும்மியா அடிக்கிறது?”

மேனேஜர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கேட்ட நேரம் தப்பு. காலையில் கேட்டு மத்தியானம் குறைக்க இது ஒன்றும் உடம்பு எடை இல்லையே. அதுகூட முடியாது.

ஆபீசில் அந்த இன்ஜினியருக்குப் பேர் ‘குறைச்சல்’. பெற்றோர் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் கன்வெர்ட்டர்தான் அவர் வேலை. வீட்டுக் கரண்ட் அலை மாதிரி வழவழவென்று ஏறி இறங்கும். பேட்டரிக்கு அந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியாது, நேராக நிற்கும். அதனால் படிக்கட்டு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி அலை மாதிரி காட்ட வேண்டும். படி கூடினால் அலை அழகாகும். ஆனால் படி கூடினால் சுவிட்சும் கூடும். சுவிட்ச் என்றால் சுவரில் தட்டுகிற சுவிட்ச் இல்லை. கட்டை விரல் நகம் அளவு கறுப்புச் சில்லு, ஒரு நொடிக்குள் ஆயிரம் தடவை திறந்து மூடும். விலையும் அதிகம், கோபம் வந்தால் வெடிக்கவும் செய்யும். படி குறையாமல் சுவிட்சை மட்டும் குறைக்க வேண்டும் என்பதுதான் குறைச்சலின் வாழ்க்கை லட்சியம்.

“பெரியவர் சரின்னுட்டா இந்த ரூம் உனக்கு,” என்றார் மேனேஜர். “இல்லைன்னா டிசைன் செக்‌ஷனை மூடிடுவாங்க. நீ நாளையிலேர்ந்து கம்ப்ளெயின்ட் ஃபோன் எடுக்கப் போகணும்.”

குறைச்சலுக்கு அந்த ஃபோன் என்றாலே பயம். ஒரு தடவை ஆள் இல்லாத வாரத்தில் அந்த ஃபோனை எடுத்திருக்கிறார். ‘கன்வெர்ட்டர்லேர்ந்து புகை வருது’ என்று கத்திய ஒரு அம்மாவிடம், ‘என்ன கலர் புகைம்மா?’ என்று ஆர்வமாகக் கேட்டு, காரணத்தை விளக்கிக்கொண்டே இருந்தார். ஜன்னல் திரை எரிந்து முடிந்தபிறகுதான் அந்த அம்மா ஃபோனை வைத்தார்.

“பெரியவருக்கு என்ன தொழில் சார்?”

“முதலீடு போடறவருக்கு என்னய்யா தொழில்? போடறதுதான் தொழில். நான் என் கார்ல போய் அவரை ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வர்றேன். நீ குறை.”

குறைச்சல் மேஜையில் குனிந்தார். பதினாலில் ஆறு சுவிட்ச் என்ன செய்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நடுவில் கரண்டைத் தேக்கிவைத்துப் படி கட்டுகிற மூன்று கெப்பாசிட்டருக்கும் வேளாவேளைக்கு கரண்ட் ஊட்டுவது அந்த ஆறும்தான். ஆளுக்கு ரெண்டு பேர், ஆயா மாதிரி. ஆயாவை நிறுத்தினால் கெப்பாசிட்டர் பட்டினி கிடந்து படி சரிந்துவிடும். கெப்பாசிட்டரையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பேட்டரியை வைத்தால்? பேட்டரிக்கு யாரும் ஊட்ட வேண்டாம், சாப்பிட்டுவிட்டுத்தான் வரும்.

“ரெண்டு சுவிட்ச் போனா ஒரு பேட்டரி,” என்று வாய்விட்டுச் சொன்னார். “ஸ்பானர் அண்ணே! ஒரு பேட்டரி வேணும்.”

ஸ்பானர் என்பது டெக்னீஷியன். பின் பாக்கெட்டில் எப்போதும் ஸ்பானர் துருத்திக்கொண்டிருக்கும், உட்காரும்போது மட்டும் கையில் எடுத்துக்கொள்வார். ஸ்டோரில் பேட்டரி இல்லை. ஸ்பானர் ஒரு நிமிடம் யோசித்தார், வெளியே போனார், ஒன்றோடு வந்தார்.

“எங்கேர்ந்து?”

“கிடைச்சுது.”

பக்கத்து அறையில் யுபிஎஸ் ‘பீப், பீப்’ என்று அலற ஆரம்பித்தது. அக்கவுண்ட்ஸ் அக்கா வாசலில் வந்து நின்றார்.

“யாருப்பா என் யுபிஎஸ் வயித்தைக் கிழிச்சது?”

“அக்கா, மத்தியானம் வரைக்கும்தான்.”

“மத்தியானம் வரைக்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்குக் காது போயிடும். நான் இங்கதான் உட்காருவேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும்விட்டார்.

பதினாலு சுவிட்ச் பன்னிரண்டு ஆயிற்று. இன்னும் ரெண்டு பேட்டரி.

அந்த நேரம் பார்த்து குறைச்சலின் மனைவி ஸ்கூட்டரில் வந்தாள். வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா ஒரு கையில், வீங்கின கன்னம் இன்னொரு கையில்.

“ஏங்க, டப்பாவைப் பிடிங்க. பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். லேட்டா போனா உள்ள விடமாட்டா அந்த நர்ஸ்.”

குறைச்சல் டப்பாவைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ஸ்கூட்டரைப் பார்த்தார். ஸ்பானரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போய், அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

“சீட்டுக்கு அடியில என்னமோ ஓட்டையா இருக்கு.”

“கொஞ்ச நேரம்மா. பெரியவர் வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு.”

“பல்லைக் கடிக்க முடிஞ்சா நான் ஏங்க டாக்டர்கிட்ட போறேன்?”

“என் வேலையே போயிடும்மா. கம்ப்ளெயின்ட் ஃபோனுக்கு அனுப்பிடுவாங்க.”

அவளுக்குப் பழைய புகை விவகாரம் தெரியும். பெருமூச்சு விட்டாள். “சுவிட்ச்தான் குறையுது. உங்க தொல்லைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை,” என்று அக்கவுண்ட்ஸ் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா தன் நாற்காலியில் பாதியைக் கொடுத்தார். இருவரும் அஞ்சே நிமிடத்தில் நெருங்கிய தோழிகள் ஆகிவிட்டார்கள். குறை சொல்லத்தான் இருவருக்கும் ஒரே ஆள் இருந்தாரே.

பத்து ஆயிற்று. எதிர்க் கம்பெனிக்காரனுக்குச் சமம். ஆனால் பத்துதான் பத்தாதே.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “எவ்வளவு?”

“பத்து சார். இன்னும் ஒரே ஒரு பேட்டரி கிடைச்சா எட்டு.”

“ஒரு பேட்டரிக்காகவா எல்லாரும் முழிச்சுக்கிட்டு இருக்கீங்க? என் கார்ல இருக்கறதை எடுங்கய்யா! கம்பெனிக்காக நான் உயிரையே குடுப்பேன், பேட்டரி என்ன பெரிய விஷயம்?”

ஸ்பானர் கழற்றிக்கொண்டு வந்து வைத்தார். எட்டு! குறைச்சல் கை தட்டினார், மேனேஜர் கை தட்டினார். பிறகு மேனேஜர் கையைத் தட்டியபடியே நின்றுபோனார்.

“அது சரி, நான் எதுல போய் அவரைக் கூட்டிட்டு வர்றது?”

யுபிஎஸ் மட்டும் ‘பீப்’ என்றது.

மேனேஜர் ஓரமாகப் போய் ஃபோனில் குழைந்தார். “சார், ஒரு சின்ன… வண்டி கொஞ்சம்… ஓ, உங்க டிரைவர் அங்கதான் இருக்காரா? அப்ப நீங்களே வந்துடறீங்களா? ரொம்ப நன்றி சார்.”

திரும்பி வந்தவர் மேஜைக்கு அடியில் பார்த்துத் திடுக்கிட்டார். அங்கே கம்பியும் பேட்டரியுமாகக் கிடந்தது.

“என்னய்யா இது? மேல சுவிட்ச் குறைச்சல்னு போர்டு, கீழ மூட்டை முடிச்சா? முதல்ல இதை மூடு. அவர் கண்ணுல மட்டும் இது பட்டுச்சு, நம்ம கதை முடிஞ்சுது.”

மூடுவதற்கு ஜன்னல் திரையைத்தான் அவிழ்த்தார்கள். திரையை மேஜையிலிருந்து தொங்கவிட்டதும் பேட்டரி மறைந்தது. ஆனால் ஜன்னல் வழியாக வெயில் நேராக வந்து திரையில்லாத குறையைத் தீர்த்துக்கொண்டது. அலையைப் படமாகக் காட்டுகிற கருவியில் படிக்கட்டும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

“ஜன்னல்கிட்ட யாராவது நில்லுங்க!” என்றார் மேனேஜர்.

குறைச்சல் மனைவியைப் பார்த்தார்.

“பாருங்க, நல்லா பாருங்க,” என்றாள் அவள். “இப்ப நான் திரையும் ஆயிட்டேன்.” என்றாலும் எழுந்து போய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை மறைத்து நின்றாள். படிக்கட்டு தெரிந்தது. ஒரே ஒரு படி மட்டும் கொஞ்சம் குள்ளமாக இருந்தது. அது ஸ்கூட்டர் பேட்டரி.

வாசலில் கறுப்புக் கார் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். டிரைவர் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனார். மேனேஜர் கூழைக் கும்பிடு போட்டுப் பெரியவரை முதலில் காப்பிக்கு அழைத்துப் போனார்.

அந்த நேரத்தில்தான் குள்ளப் படி உட்கார்ந்தது. சோதனை சோதனை என்று விடாமல் ஓட்டியதில் ஸ்கூட்டர் பேட்டரி மூச்சை விட்டுவிட்டது. கன்வெர்ட்டர் கரண்டில் சுற்றிக்கொண்டிருந்த மேஜை ஃபேன் கரகரவென்று முனகியது.

“அண்ணே!” குறைச்சல் ஸ்பானரிடம் ஓடினார்.

ஸ்பானர் பின் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு வெளியே போனார். காப்பி முடிவதற்குள் வந்தார். பெரிய பேட்டரி, புத்தம் புதுசு, பளபளவென்று.

“எங்…” என்று ஆரம்பித்த குறைச்சல் பாதியில் நிறுத்திக்கொண்டார். சில கேள்விக்குப் பதில் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு. இணைப்பு கொடுத்தார். படி நிமிர்ந்தது, ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது.

பெரியவர் உள்ளே வந்தார். கருவியைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“இவங்க யாரு?”

“வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தறவங்க சார்,” என்றார் மேனேஜர்.

“அவங்க?”

“சத்தம் தாங்காதவங்க,” என்றார் அக்கவுண்ட்ஸ் அக்கா, தானே.

குறைச்சல் விளக்கினார். பதினாலு எப்படி எட்டானது என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். பெரியவர் அடக்கமாகக் கொட்டாவி விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் முகம் சுண்டியது.

“நல்லா இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்,” என்று பெரியவர் எழுந்தார். எழும்போது அவர் செருப்பு திரையில் மாட்டியது. திரை மொத்தமாகக் கீழே விழுந்தது.



பெரியவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “இதெல்லாம் என்ன?”

“இது பழைய சாமான் சார், கடைக்குப் போடணும்னு…” என்று மேனேஜர் இழுத்தார்.

குறைச்சலுக்குப் பொய் சொல்ல வராது. கம்ப்ளெயின்ட் ஃபோன் மணி அடிப்பது காதில் கேட்டது. இருந்தும் சொன்னார். “பேட்டரி சார். எங்க டிசைன்ல அதுதான் ஒரு கோளாறு. ரெண்டு சுவிட்ச் குறைச்சா ஒரு பேட்டரி கூடிடும்.”

மேனேஜர் அவர் காலை மிதித்தார்.

பெரியவர் மறுபடி உட்கார்ந்தார். “இன்னும் ரெண்டு சுவிட்சைக் குறைச்சா?”

“இன்னும் ஒரு பேட்டரி சார்.”

“அதுக்கும் மேல ரெண்டு குறைச்சா?”

“இன்னொண்ணு. ஆனா அதுக்கு மேல குறைச்சா கன்வெர்ட்டரே இருக்காது சார்.”

பெரியவர் முகத்தில் திடீரென்று பத்து வயது குறைந்தது. குறைச்சல் கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். “தம்பி, இதுவல்லவா டிசைன்! இது ஒவ்வொரு வீட்லயும் இருக்கணும். கடையில, பள்ளிக்கூடத்துல, எல்லா இடத்துலயும் இருக்கணும். மேனேஜர், எங்க கையெழுத்துப் போடணும்? இந்த ரூம் இவருக்குப் பத்தாது, பெரிசா குடுங்க. தம்பி, நீங்க வேற எந்த வேலையும் பார்க்கக் கூடாது. குறைச்சுக்கிட்டே இருக்கணும்!”

கையெழுத்து விழுந்தது. மேனேஜர் குறைச்சலைக் கட்டிப் பிடித்தார், மிதித்த காலுக்கும் சேர்த்து.

பெரியவரை வழியனுப்ப எல்லாரும் வாசலுக்கு நடந்தார்கள். குறைச்சல் மனைவியின் காதோரம் சொன்னார். “பார்த்தியா? இத்தனை வருஷத்துல சுவிட்ச் அருமை தெரிஞ்ச ஒரே மனுஷன். கொட்டாவி விட்டப்போகூட உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு.”

“நான்கூட உங்களை என்னமோன்னு நினைச்சுட்டேங்க,” என்றாள் அவள். வலியை மறந்து சிரித்தாள், உடனே ‘ஸ்ஸ்’ என்று கன்னத்தைப் பிடித்தாள்.

பெரியவர் காரில் ஏறிக் கை அசைத்தார். டிரைவர் சாவியைத் திருகினார். சத்தம் இல்லை. மறுபடி திருகினார். மூச்சுப் பேச்சில்லை. பெரியவர் அசைத்த கை அசைத்தபடியே இருந்தது.

குறைச்சல் மெதுவாக ஸ்பானர் பக்கம் திரும்பினார். ஸ்பானர் வானத்தைப் பார்த்தார்.

“கிடைச்சுதுன்னுதானே சொல்லுவேன். குடுத்தாங்கன்னு என்னிக்காவது சொல்லியிருக்கேனா?”

டிரைவர் இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினார். உள்ளே காலியாகக் கிடந்த சதுரத்தையும், வரிசையாக நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“அடப்பாவிங்களா! ஊருக்கெல்லாம் பேட்டரி செஞ்சு விக்கிற முதலாளி வண்டியிலயா போய் பேட்டரியைக் கழட்டுவீங்க?”