வாயில் ஒன்றும் இல்லை

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிக்கு வாயில் ஏலக்காய் கிடப்பதும் நாக்கு கிடப்பதும் ஒன்றுதான். இருப்பதே தெரியாது. இந்த உண்மை அந்தமான் கடலில் அந்தப் படகில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறைத்திருந்தால், என் மானம் கப்பலேறியிருக்காது. (அதுவும் முழுகிப்போன கப்பல்.)

என் மனைவி கலா பக்கத்து ஊரான சிலமலைக்காரி. கல்யாணமான புதிதில், "கடலுக்குள்ள முங்கிக் கெடக்குற கப்பலை ஒருதடவ கிட்டத்துல பாக்கணுங்க" என்றாள். வைகை அணையைத் தாண்டித் தண்ணீர் பார்க்காதவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் புடவை, நகை என்று எதையும் கேட்காதவள் கேட்டது அது ஒன்றுதான். அந்த வருடத்துச் சரக்கு கைமாறியதும் அந்தமானுக்குக் கிளம்பிவிட்டோம்.

எங்களைக் கடலுக்குள் கூட்டிப்போக வந்தவர் தாஸ் என்ற தமிழர். "கீழ போகப் போகக் காது அடைக்கும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதணும், பயப்படக் கூடாது" என்றார்.

நான் சிரித்தேன். "போடிமெட்டு மலையில இருந்து ஜீப்புல எறங்குறவனுக்குக் காது அடைக்கிறதெல்லாம் தெனச் சோலிண்ணே."

கலா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். (அந்தப் பார்வைக்கு ஆயுசு கம்மி.)

படகு ஆடத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவில் குமட்டினால் எங்கள் ஊரில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். பையிலிருந்து ஏலக்காய் ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டேன். செய்ததை அப்போதே மறந்தும் போனேன்.

"வாயில எதுவும் இருக்கா சார்? சூயிங்கம், பாக்கு?" என்றார் தாஸ்.

"ஒண்ணும் இல்லண்ணே."

சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. சூயிங்கமும் இல்லை, பாக்கும் இல்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் நான் ஒருத்தன்தான். ஒருத்தர் மேல வந்தா ரெண்டு பேரும் மேல வரணும்" என்று சொல்லிவிட்டு, முதுகில் சிலிண்டரைக் கட்டி, வாயில் மூச்சுக் குழாயை மாட்டி இறக்கினார்.

தண்ணீர் குளிக்க விளாவிய வெந்நீர் மாதிரி இதமாக இருந்தது. காது இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. எங்கள் தோட்டத்துக் கிணற்றின் ஆழம்கூட இருக்காது, அதற்குள் கீழே கப்பல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. துருப்பிடித்த ஜன்னல்கள் வழியாக மீன்கள் சந்தைக்குப் போவதுபோல் போய் வந்துகொண்டிருந்தன. கலா கையை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் போனால் கப்பலைத் தொட்டுவிடலாம்.

அசந்துபோய்ப் பல்லைக் கடித்தேன். ஏலக்காய் வெடித்தது. விதை நேராகத் தொண்டைக்குப் போனது.

இருமிய இருமலில் வாயிலிருந்த குழாய் பறந்தது. நான் தாஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் குழாயை என் வாயில் திணித்து, என்னை ஒரு கையிலும் கலாவை ஒரு கையிலும் பிடித்து மேலே கொண்டுவந்தார்.

படகில் ஏறியும் இருமினேன். தாஸின் கையில் ஒரு விதை விழுந்தது. மோந்து பார்த்தார்.

"ஏலக்காயா சார்?"

"எட்டு எம்.எம். முதல் தரம்ணே" என்றேன். (வியாபாரப் புத்தி எங்கே போகும்.)

கலாவுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் ஒரே ஆசையைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. "அண்ணே, நான் இங்கயே கெடக்குறேன். இவளை மட்டும் வெரசாத் திரும்பக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

தாஸ் சிலிண்டரில் மீதிக் காற்று எவ்வளவு என்று பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். கலா எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். "வாயைத் தொறங்க" என்றாள். திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடலில் இறங்கினாள்.

அவள் விட்ட மூச்சு குமிழ் குமிழாக மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். மேலே வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பூராம் பாத்துட்டேங்க. தொட்டும் பாத்துட்டேன். உங்க ஏலக்காய்த் தோலும் கப்பல் மேலதான் கெடந்துச்சு. ஒரு மீனு வந்து வாயில எடுத்துச்சு."

"எடுத்து?"

"துப்பிட்டுப் போயிருச்சு."

ஊர் திரும்பியதும் கதை அவள் அண்ணன் காதுக்குப் போனது. இன்றைக்கும் நான் சரக்கைக் கையில் அள்ளிக் காட்டி விலை சொன்னால், "மாப்ளே, மீனு துப்புன சரக்குதான இது?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பார்.

கலா அதைக்கூடச் சொல்வதில்லை. வீட்டில் நான் எதையாவது இல்லவே இல்லை என்று சாதித்தால், முன்னால் வந்து நின்று, "வாயைத் தொறங்க" என்பாள்.

திறப்பேன். ஏலக்காய் இருக்கும்.