பிடித்தம் மிகுந்த ஒரு நிறுவனம்

கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை எழுதப்போகிறவர்கள், மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்த காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். தண்ணீர் வந்ததால் நெல் விளைந்தது, தென்னை வளர்ந்தது, திராட்சை காய்த்தது. அவ்வளவுதானே! மனிதர்களையே விளைபொருளாக்கி, வண்டியேற்றி, மாதம் தவறாமல் அறுவடையும் செய்யலாம் என்று இந்த மண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது 'அன்னப்பட்சி மனிதவளச் சேவை மைய'ந்தான்.

பெயரே பொருத்தமானது. அன்னப்பட்சி பாலையும் நீரையும் பிரிக்கும். இந்த மையம் கூலியையும் கூலிக்காரியையும் பிரித்தது.

கம்பத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அதன் தலைமையகம். கிளை எதுவும் இல்லாததால் தலைமையகம் என்றே அழைத்தார்கள். நிறுவனர் பேச்சிமுத்து, ஒரு காலத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவர். அப்போது அவர் வாங்கியதற்குப் பெயர் 'கமிஷன்'. இப்போது கழுத்தில் டை கட்டிக்கொண்டார். அதனால் அது 'சேவை' ஆகிவிட்டது. 'தொழிலாளி' என்ற மரியாதைக் குறைவான சொல்லையும் அவர் ஒழித்துவிட்டார். அங்கே எல்லோரும் 'மனிதவளச் சகோதரிகள்'. சகோதரியிடம் கணக்குப் பார்க்கக்கூடாது என்பதால் யாருக்கும் அவர் கணக்குக் காட்டுவதில்லை.

அந்தச் சகோதரிகளில் ஒருத்தி காமயகவுண்டன்பட்டி மாரீஸ்வரி. சின்னமனூர்ப் பக்கம் ஒரு திராட்சைச் சாறு கம்பெனியில் அவளுக்கு வேலை. பழம் பிரிப்பாள், பாட்டில் அடுக்குவாள். வேலை கம்பெனியில், சம்பளம் அன்னப்பட்சி வழியாக. வழியில்தான் எல்லாம் நடந்தது.

சீருடைக்குப் பிடித்தம். அந்தச் சீருடை எங்கே என்று கேட்டால் கேட்டதற்கு ஒரு முறைப்பு. அடையாள அட்டைக்குப் பிடித்தம், அட்டையைத் தொங்கவிடும் கயிற்றுக்குத் தனிப் பிடித்தம். மாதக் கூட்டத்தில் பேச்சிமுத்து உருக்கமாகப் பேசுவார்.

"நம்ம சகோதரிக மேல நமக்கு இருக்குற பிடித்தம், வேற எந்தக் கம்பெனிக்காவது இருக்கா?"

"இருக்கவே முடியாது சார்" என்பான் மேற்பார்வையாளன் வினோத்ராஜ். அவன் பொய் சொல்பவன் அல்ல.

ஒரு மாதம் மாரீஸ்வரி சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு வரியைப் பார்த்தாள். 'போக்குவரத்து ஒருங்கிணைப்பு' என்று இருந்தது. தலைமையகத்துக்குப் படியேறினாள்.

"தம்பி, நான் டவுன் பஸ்ல வாரேன். பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. எதுக்குப் பிடிச்சிருக்கீக?"

வினோத்ராஜ் நாற்காலியில் நிமிர்ந்தான். எம்.பி.ஏ. பாதி படித்தவன். படித்த பாதி முழுவதும் இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

"அக்கா, பஸ்ஸ விடுறது அரசாங்கம். அத நான் மறுக்கல. ஆனா அந்த பஸ்ஸுல நீங்க எதுக்கு ஏறுறீக?"

"வேலைக்கு."

"வேல குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப உங்கள பஸ்ஸுல ஏத்திவிடுறது யாரு? நாங்கதானக்கா!"

மாரீஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நடந்து வந்தா?"

"நடைக்கு இன்னும் கட்டணம் முடிவாகல. பரிசீலனையில இருக்கு."

அவள் இறங்கிவிட்டாள். அவளுக்குக் கோபத்தைவிடச் சோர்வுதான் அதிகமாக இருந்தது. மகள் மகிமா தேனியில் நர்சிங் படிக்கிறாள். வேலையை விட்டால் படிப்பும் சேர்ந்து நிற்கும். ஆகவே பொறுத்துக்கொண்டாள். பொறுமைக்கு மட்டும் அன்னப்பட்சியில் பிடித்தம் இல்லை. அது முழுதாகவே நிறுவனத்துக்குச் சொந்தம்.

கோடை முடியும் சமயம், ஒரு பாட்டில் அவள் வலது கையிலேயே வெடித்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் திராட்சைச் சாற்றோடு கலந்து ஓடியது. கூட வேலை பார்த்த மூக்கம்மாள் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, தேனிக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம் பார்க்கக் கூட்டிப் போனாள். அதற்கென்று மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அந்தத் தைரியம். அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகச் சொன்னாள்.

"அம்மா, உங்க பேர்ல ஒரு ரூபாகூடக் கட்டலயே."

கம்மலை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டாள் மாரீஸ்வரி. காயம் ஆறியது. ஆனால் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. கட்டுப் பிரித்த அன்றே மறுபடி படியேறினாள். இந்த முறை பேச்சிமுத்துவே பேசினார். நாற்காலி போடச் சொன்னார். அவர் நாற்காலி போடச் சொன்னால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஆத்தா, பணத்தப் பிடிச்சது உண்ம. நான் இல்லேங்கல. கட்டலைங்கறதும் உண்ம. ஆனா ஏன் கட்டல? உன் பணம் எங்கயோ தெரியாத ஊரு ஆபீசுல அநாதையாக் கெடக்கணுமா? நம்ம வீட்டுப் பணம் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்னுதான்."

"எங்க வீட்டுல இல்லயே சார்."

"என் வீடு வேற, உன் வீடு வேறன்னு நான் என்னைக்காவது நெனச்சிருக்கேனா?"

"இந்தக் கைக்கு ஒரு வழி சொல்லுங்க."

"சொல்லாம விட்டுருவேனா? ஞாயித்துக்கெழம பயிற்சி முகாம். மதுரையில இருந்து பெரிய ஆளு வாராக. மனசு சரியானாக் கை தன்னால மடங்கும்."

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தலைப்பு 'நன்றியே நம் செல்வம்'. வராதவர்களுக்கு ஒரு நாள் கூலி பிடித்தம். வந்தவர்களுக்கு முகாம் கட்டணம் பிடித்தம். விருப்பம்போல் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தது. கோட்டுப் போட்ட பயிற்சியாளர் காதருகே குட்டி மைக்கோடு மேடையில் உலாவினார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. உங்க முழுச் சம்பளத்தையும் கையில வாங்குற மாதிரி நெனைங்க. நெனச்சாச்சா? எப்படி இருக்கு?"

"யாரு சம்பளத்தையோ வாங்குன மாதிரி இருக்கு" என்றாள் மூக்கம்மாள்.

"நல்லது! இப்பக் கண்ணத் திறங்க. சந்தோசம் இருக்கா?"

"பணமே போயிருச்சே சார்."

"அதத்தான் சொல்ல வாரேன். சந்தோசம் பணத்துல இல்ல!"

மாரீஸ்வரி எழுந்தாள். கேலி செய்யும் எண்ணம் அவளுக்குச் சத்தியமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்ப உங்களுக்கு இவுக என்னத்தக் குடுக்காக சார்?"

பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளை என்று அறிவித்தார். தக்காளிச் சாதம். அதற்கும் பிடித்தம் உண்டு என்று வினோத்ராஜ் வாசலில் நின்று நினைவூட்டினான்.

திரும்பி வரும் பஸ் உத்தமபாளையம் தாண்டும்போது மூக்கம்மாள் சொன்னாள். "எம்புட்டு நாளைக்குத்தான் கண்ண மூடிக்கிட்டே இருக்கது?"

"நாளைக்குப் பன்னீர்த் திராட்ச லோடு வருது. நாம தொடலைன்னா ஒரு நாள் வெயிலுக்குத் தாங்காது" என்றாள் மாரீஸ்வரி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே புரிந்தது. ஆனால் பஸ் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்துவிட்டது. இனி வாபஸ் வாங்க முடியாது.

மறுநாள் கம்பெனி வாசலில் திராட்சை லாரிகள் வரிசையாக நின்றன. பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சரியான நேரத்துக்கு, அட்டையைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு. உள்ளே மட்டும் போகவில்லை. லாரி நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. மாரீஸ்வரி காலையிலேயே தொழிலாளர் துறைக்குப் போன் செய்திருந்தாள். வெயில் ஏறியது. பழம் கசிந்து லாரிக்குக் கீழே சொட்டியது. தேனீக்கள் வந்துவிட்டன. மேனேஜர் வந்தார், பேச்சிமுத்து வந்தார், இருவரும் எழுந்திருக்கச் சொல்லி அதட்டினார்கள், கடைசியில் ஸ்கூட்டரில் ஆய்வாளர் அம்மாவும் வந்து சேர்ந்தார்.

"இவங்க யாரோட தொழிலாளிங்க?" என்று கேட்டார் ஆய்வாளர்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "எங்க ஆளுக இல்ல மேடம். ஏஜென்சி அனுப்புறாக."

"அனுப்புறதோட நம்ம சேவை முடிஞ்சது மேடம்" என்றார் பேச்சிமுத்து. "வேல வாங்குறது அவுக. சட்டப்படி பாத்தா இவுக எங்க ஆளே கெடையாது."

மாரீஸ்வரி உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"மேனேஜர் சார், நாங்க உங்க ஆளு இல்ல?"

"இல்லம்மா."

"பேச்சிமுத்து சார், உங்க ஆளும் இல்ல?"

"அதான் சொன்னனேத்தா."

"அப்ப எங்கள எந்திரிங்கன்னு சொல்ல நீங்க ரெண்டு பேரும் யாரு?"

ஆய்வாளர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டத்தை எடுத்துச் சொன்னார்: ஏஜென்சி கொடுக்காத கூலியைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். அந்த நொடியில் பேச்சிமுத்துவோடு மேனேஜருக்கு இருந்த பல வருட நட்பு முறிந்தது. "ஏய்யா, என் லோடு முழுக்கக் கள்ளாப் போகுதுய்யா! பிடிச்சது அம்புட்டையும் குடுத்துத் தொலையும்!" என்று கத்தினார். எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் பெண்கள் எழுந்து உள்ளே போனார்கள். இ.எஸ்.ஐ. பணத்தை இனிக் கம்பெனியே நேரடியாகக் கட்டுவதென்றும் அதில் இருந்தது. மாரீஸ்வரியின் விரல்களுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கும். முழுதாக மடங்குமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பணம் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. தலைமையகத்தில் ஆய்வாளர் முன்னிலையில் முதல் உறையை வாங்கிப் பிரித்தாள் மாரீஸ்வரி. பணம் குறைந்தது.

"என்னய்யா இது?" என்றார் ஆய்வாளர்.

"திருப்பிச் செலுத்தும் சேவைக் கட்டணம் மேடம்" என்றான் வினோத்ராஜ், பழக்கதோஷத்தில்.

ஆய்வாளர் பார்த்த பார்வையில் பேச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து மீதி நோட்டுகளை எடுத்து நீட்டினார். மாரீஸ்வரி இடது கையால் பிடித்தாள். நோட்டு வரவில்லை. மறுபக்கம் அவர் விடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை அந்த மனிதர். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் கோத்திருந்தது.

"மேடம், முழுசாக் குடுத்துப் பழக்கமில்ல. விரலு விரிய மாட்டேங்குது."

மாரீஸ்வரி ஒரே இழுப்பாக இழுத்தாள். பணம் அவள் கைக்கு வந்துவிட்டது.

"ஏத்தா!" என்று அலறினார் பேச்சிமுத்து. "என் ஆபீசுக்குள்ளயே வந்து, கையில இருந்து காசப் பிடுங்குறியே, இது முறையா?"

"மன்னிச்சுக்கங்க சார்" என்றாள் மாரீஸ்வரி, மிகுந்த பணிவோடு. "அடுத்தவுக காச எடுக்குறதுதான் இந்த ஆபீசு வழக்கம்னு எனக்கும் தெரியும். நான் பாட்டுக்கு என் காச எடுத்துட்டேன்."